உண்டியல் காசுக்கு ஒரு பதில்

அன்புக் கண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். தட்டிக்கழிப்பதற்காகச் சொல்லவில்லை. போனில் பேசினால் நாம் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறாய். அதை விலங்கு நல அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்று மனசு சொல்கிறது. கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "மனுஷனே கஷ்டப்படும்போது மிருகத்துக்கா கொடுக்கப் போறே?" என்று கேட்டதிலிருந்து உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் கேள்வியை உன்னிடம் முதலில் கேட்டது அவர் இல்லை, நான்தான். உனக்கு அப்போது பதினோரு வயது. வண்டியில் அடிபட்ட நாய்க்குட்டியை யாரோ இரண்டு பேர் துணியில் சுற்றி மருத்துவரிடம் தூக்கிப் போனதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாய். உண்டியலை உடைத்து, சில்லறையை மேசையில் கொட்டி, "இதைக் கொடுத்துடலாமாம்மா?" என்றாய். "முதல்ல மனுஷங்களுக்குச் செய்வோம், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காசை அள்ளி ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தாய். எனக்கு இன்றுவரை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். அந்தக் காசை நாம் மனுஷர்களுக்கும் கொடுக்கவில்லை. சில மாதம் கழித்து அது உனக்கு ஒரு பந்தும் மட்டையும் ஆனது.

"முதல்ல" என்ற அந்தச் சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். புது போன் வாங்கும்போதும், சுற்றுலா போகும்போதும், மனுஷன் கஷ்டப்படும் நேரத்தில் இது தேவையா என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. ஒரு வாயில்லா ஜீவனுக்குக் கொடுக்கக் கையை நீட்டும்போது மட்டும் அந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே மனிதர்களுக்குக் கொடுக்கிறவராக இருந்தால், எங்கே கொடுக்கிறார் என்று விசாரி. மலேரியாவிலிருந்து குழந்தைகளைக் காக்கும் கொசுவலை போன்ற வேலைகளை கிவ்வெல் என்ற அமைப்பு 2007லிருந்து கணக்குப் போட்டு அலசி வருகிறது. அதையெல்லாம் படித்துவிட்டு "என் பணம் முழுக்க அங்கேதான் போகவேண்டும்" என்று நீ முடிவெடுத்தால் எனக்குச் சந்தோஷம்தான். வெட்கப்பட்டு இதைக் கைவிட்டு, கடைசியில் எதற்கும் கொடுக்காமல் இருந்துவிடாதே. நான் உனக்குச் செய்த தவறு அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மனிதனா விலங்கா என்று கோடு போட்டுப் பிரிப்பதுபோல் உலகம் பிரிந்து கிடக்கவில்லை. வெறிநாய்க்கடி நோயால் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. மனிதருக்கு வரும் அந்த நோயில் 99 சதவீதம் வரை நாய்கள் வழியாக வருகிறது. ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். அப்படித் தடுப்பூசி போடும் அமைப்புக்கு நீ கொடுக்கும் காசு நாய்க்குப் போகிறதா, கடிபட இருந்த குழந்தைக்குப் போகிறதா?

"அதுங்களுக்கு அவ்வளவா வலி தெரியாது" என்று நான் சின்னவளாக இருந்தபோது பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்று அறிவியல் அப்படிச் சொல்வதில்லை. 2012 ஜூலையில் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் ஆய்வாளர்கள், உணர்வுநிலைக்கு வேண்டிய நரம்பமைப்பு மனிதனுக்கு மட்டும் உரியது இல்லை, பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் ஆக்டோபஸுக்கும்கூட உண்டு என்று அறிவித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2022ல், பிரிட்டன் சட்டமே நண்டையும் இறாலையும் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது.

சரி, கொடுப்பது என்று ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு என்பதுதான் கடினமான பகுதி. உன்னைப்போல இளகிய மனசுக்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். எண்ணெய்க் கழிவுக் குட்டைகளில் விழுந்து பறவைகள் சாகின்றன, வலை போட்டு மூடினால் காப்பாற்றலாம், அதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று மக்களைக் கேட்டார்கள். ஒரு குழுவிடம் 2,000 பறவைகள் என்றார்கள், இன்னொரு குழுவிடம் 20,000 என்றார்கள், மூன்றாவது குழுவிடம் 2,00,000 என்றார்கள். வந்த பதில்களின் சராசரி 80 டாலர், 78 டாலர், 88 டாலர். எண்ணிக்கை நூறு மடங்கு ஏறியும் மனசு அசையவில்லை. எல்லாருடைய கண்ணுக்குள்ளும் இறக்கையில் எண்ணெய் ஒட்டிய ஒரே ஒரு பறவைதான் இருந்திருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, இரக்கம் அப்படித்தான் பிறக்கிறது. ஆனால் காசை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் வேலையை அந்த ஒரு பறவையிடம் விட்டுவிடக் கூடாது.

எண்ணிக்கையைப் பார்த்தால் என்ன தெரிகிறது? உலகத்தில் ஆண்டுக்கு 8,000 கோடிக்கும் மேற்பட்ட நிலவாழ் விலங்குகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. அதில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பக்கம் கோழிகள். கடலிலும் ஆற்றிலும் பிடிக்கப்படும் மீன்களை ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் விலங்குகளுக்கு என்று மனிதர்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி நாய்க்கும் பூனைக்கும்தான் போய்ச் சேர்கிறது. அவற்றின் முகம் நமக்குத் தெரியும். கூண்டுக் கோழியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

முட்டைக் கோழியைப் பற்றிக் கொஞ்சம் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் என் மனசை மாற்றியது அதுதான். ஐரோப்பாவில் முன்பு இருந்த சட்டப்படி ஒரு கூண்டுக் கோழிக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஏ4 தாளே 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. இந்தத் தாளை மேசையில் வைத்து ஒரு கோழியை மனசுக்குள் அதன்மேல் நிறுத்திப் பார்த்தேன். இறக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளறுவதோ ஒதுங்கி முட்டையிடுவதோ நினைத்தே பார்க்க முடியாது. அதன் காலம் முழுக்க இப்படியே போகும். பிரிட்டன் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965ல், ஒரு பண்ணை விலங்குக்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதிக்கொள்ளவும், கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என்று சொன்னது. கேட்டதே அவ்வளவுதான். அந்தக் கூண்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 1999ல் கொண்டுவந்து, 2012 ஜனவரி 1லிருந்து முழுமையாக அமல்படுத்தியது. இடையில் போன வருஷங்களை எண்ணிப் பார். கொஞ்சம் பெரிய, கூடும் கம்பும் வைத்த கூண்டுகளுக்கு அந்தச் சட்டம் இன்னும் இடம் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதிக் கதை சொன்னவளாவேன்.

அந்த மாற்றம் தானாக வரவில்லை. விடாமல் கடிதம் எழுதி, வழக்காடி, ஆய்வுகளைக் கொண்டுபோய்க் காட்டிய அமைப்புகள் இருந்தன. இன்று அப்படிப்பட்டவர்கள் பெரிய உணவு நிறுவனங்களிடம் போய், கூண்டுக் கோழி முட்டையை வாங்க மாட்டோம் என்று எழுதி வாங்குகிறார்கள். அப்புறம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று பின்னாலேயே போய்க் கேட்கிறார்கள். ரீதிங்க் பிரயாரிட்டீஸ் என்ற ஆய்வு அமைப்பு 2019ல் இதை எடை போட்டது. இந்த வேலையில் செலவான ஒவ்வொரு டாலரும் 9லிருந்து 120 வருஷம் வரையிலான கோழி வாழ்வை மாற்றுகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. 9க்கும் 120க்கும் எவ்வளவு தூரம் பார்! எனக்கு அதனால்தான் நம்பிக்கை வந்தது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைத்த கணக்கு அது. கீழ் எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஒரு டாலருக்கு ஒன்பது வருஷக் கோழி வாழ்வு கொஞ்சமாவது நிமிர்கிறது. கூண்டை விட்டு வெளியே வந்த கோழிக்குச் சொர்க்கம் கிடைத்துவிடாது, நெரிசலும் நோயும் அங்கேயும் உண்டு. ஆனாலும் இறக்கையை விரிக்கலாம்.

நீ இன்னொன்றும் கேட்டாய், மெதுவாக. "முட்டை சாப்பிடுற நானே கோழிக்காகக் கொடுத்தா அது பாசாங்கு இல்லையாம்மா?" இல்லை கண்ணா. சாப்பாட்டை மாற்றுவது நீ தனியாக எடுக்கவேண்டிய முடிவு, ஒருநாள் எடுத்தாலும் எடுப்பாய். அதுவரைக்கும் கூண்டுக்குள் இருப்பதைக் காத்திருக்கச் சொல்லாதே.

இனி என் சொந்த அனுபவம். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ வேலைக்காகக் கிளம்பிப் போன பிறகு, ஒரு நாய்கள் காப்பகத்துக்கு இரண்டு வருஷம் மாதம் தவறாமல் கொடுத்தேன். பேர் வேண்டாம். "நிர்வாகச் செலவே கிடையாது, ஒவ்வொரு காசும் ஜீவன்களுக்கே" என்று அவர்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒருநாள் நேரில் போனேன். பத்து நாய் இருக்கவேண்டிய அடைப்பில் நாற்பது இருந்தன. சொறி பிடித்ததும் நல்லதும் ஒன்றாகக் கிடந்தன. கருத்தடை செய்யாததால் உள்ளேயே குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. எத்தனை வந்தது, எத்தனை செத்தது என்று எழுதி வைக்க ஒரு பதிவேடு இல்லை. நடத்தியவர் கெட்டவரே இல்லை, வாசலில் விட்டுப்போன எந்த நாயையும் வேண்டாம் என்று சொல்ல முடியாதவர். ஆனால் சம்பளத்துக்கு ஒரு மருத்துவரோ, கணக்கு எழுத ஒரு ஆளோ வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. நிர்வாகச் செலவு இல்லை என்று நான் மெச்சிக்கொண்டது இதைத்தான். 30 வருஷம் கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்த எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். பதிவேடு எழுதுவதும் ஒரு செலவு, அதைச் செய்யாத இடத்தில் நாய்தான் அந்த விலையைக் கொடுக்கிறது.

அதனால் நிர்வாகத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்த்து ஒரு இடத்தை ஒதுக்காதே, தேர்ந்தெடுக்கவும் செய்யாதே. போன வருஷம் என்ன செய்வதாகச் சொன்னீர்கள், எது நடக்கவில்லை என்று கேள். தோற்றதைச் சொல்லத் தயங்காத அமைப்பை நான் அதிகம் நம்புவேன். காப்பகம் என்றால் கருத்தடை, தடுப்பூசி, நல்ல வீட்டுக்குத் தத்துப் போனது, இறந்தது, எல்லாவற்றுக்கும் எண் கேள். அனிமல் சாரிட்டி எவால்யுவேட்டர்ஸ் என்ற அமைப்பு 2012லிருந்து இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டு அறிக்கை எழுதுகிறது, முதலில் அதைப் படி. பள்ளத்தில் விழுந்த குட்டியைத் தூக்குவதாக வரும் வீடியோக்களைப் பார்த்து உடனே பணம் அனுப்பிவிடாதே. வீடியோ எடுப்பதற்காகவே குட்டியைப் பள்ளத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை எழுதும்போதே கை நடுங்குகிறது, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பாட்டி சொல்வாள். கஞ்சத்தனம் என்று நான் அப்போது நினைத்தேன். எத்தனை உயிருக்குப் போதும் என்று பார்ப்பதும் அந்த அளவில் சேர்த்தி என்று இப்போது படுகிறது.

என் யோசனையைக் கேட்டால், ஒதுக்கியதில் பெரும்பங்கைக் கூண்டுக் கோழிகளுக்காக வாதாடும் அமைப்புக்குக் கொடு. ஒரு சிறு பங்கை நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யும் ஒரு இடத்துக்குக் கொடு. அந்தச் சிறு பங்கு கணக்குப்படி சரியா என்று வாதாட மாட்டேன். பதினோரு வயதில் நீ பார்த்த குட்டிக்காக அது. இதற்கு மட்டும் என்று கட்டுப்பாடு போடாமல் கொடு, வேலை செய்கிறவர்களுக்குத்தான் எங்கே தேவை என்று தெரியும். தொகை சின்னதாக இருந்தாலும் மாதாமாதம் போகட்டும். அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு மருத்துவரை வேலைக்கு வைக்க முடியும். வருஷத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார், சரியில்லை என்றால் மாற்று. உனக்கு என்று கொஞ்சம் வைத்துக்கொள். சுருக்கிப் பிழிந்து கொடுத்தால் ஆறு மாதத்தில் அலுத்துப்போகும்.

நீ எழுதி வைத்திருக்கும் மூன்று அமைப்புகளின் போன வருஷ ஆண்டறிக்கைகளை எனக்கு அனுப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்க்கிறேன். முடிவு நீயே எடு. இந்த மாதத்திலிருந்து என் பங்கும் உன்னோடு சேரும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முதல் மாதத் தொகையை உன் கணக்கில் எழுதும்போது, பக்கத்தில் "உண்டியல் பாக்கி" என்று குறித்துக்கொள்.

அன்புடன்,
அம்மா