குஞ்ஞாலி மரைக்காயரின் மரக்கலம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரை எதிர்த்து மலபார்க் கடலில் போரிட்ட கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைப் பற்றி, சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் சமூக மன்றங்களுக்கும் கொண்டுசெல்லத்தக்க ஒரு நடமாடும் கண்காட்சியைத் தமிழில் அமைத்து வருகிறோம். ஈராண்டுகளாக வார இறுதிகளில் கூடி உழைக்கும் தொண்டூழியர்கள் நாங்கள். எங்கள் கைப்பணத்தால் ஆனது ஆயிற்று. எஞ்சிய பணிக்கு உங்கள் உதவியை நாடுகிறோம்.

குஞ்ஞாலி என்பது கோழிக்கோட்டுச் சாமூத்திரி மன்னரின் கடற்படைத் தலைவருக்கு உரிய பட்டம். அதை அடுத்தடுத்து நால்வர் தாங்கினர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததைத் தொடர்ந்து, தங்களிடம் அனுமதிச்சீட்டு வாங்காத கப்பல்களைப் பிடிப்பதும் எரிப்பதும் போர்ச்சுகீசியருக்கு வழக்கமாகிவிட்டது. பீரங்கி பூட்டிய பெருங்கப்பல்களோடு நேருக்கு நேர் மோதிப் பயனில்லை என்பதை உணர்ந்த மரைக்காயர்கள், துடுப்பு வலிக்கும் சிறு கலங்களை ஆற்று முகத்துவாரங்களில் மறைத்து வைத்திருந்து, காற்று விழுந்து பாய்க்கப்பல் அசையாமல் நிற்கும் நேரம் பார்த்துச் சூழ்ந்து தாக்கினர். 1538-இல் தமிழகக் கரையில், மண்டபத்தை அடுத்த வேதாளையில், மரைக்காயர் படை பெருந்தோல்வி கண்டது. அத்தோல்விக்கும் எங்கள் கண்காட்சியில் ஒரு பலகை உண்டு.

நான்காம் குஞ்ஞாலியின் முடிவுதான் எங்களை இப்பணியில் இறக்கியது. தம்மையே அரசராகக் கருதத் தொடங்கிய அவர்மீது சினங்கொண்ட சாமூத்திரி, அதுவரை பகைவராயிருந்த போர்ச்சுகீசியரோடு கைகோத்தார். 1599-இல் தம் கோட்டக்கல் கோட்டைமேல் நடந்த தாக்குதலை முறியடித்த குஞ்ஞாலி, 1600-இல் முற்றுகை இறுகியபோது, உயிருக்கு ஊறு நேராது என்ற மன்னரின் வாக்கை நம்பிச் சரணடைந்தார். போர்ச்சுகீசியர் அவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினர். அத்தலையை உப்பிட்டுக் கண்ணூரில் பார்வைக்கு வைத்தனர். அவரிடமும் பிழை இருந்திருக்கலாம். ஆயினும் வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்டதை எங்களால் எளிதில் கடந்துபோக இயலவில்லை. அம்முற்றுகையை நடத்திய ஆந்த்ரே ஃபுர்த்தாடோ தெ மெந்தோன்சாவே 1606-இல் டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவைக் காத்து நின்றவர் என்பதையும் இங்குள்ள நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

கேரளத்தில் வடகரைக்கு அருகே இரிங்ஙலில் குஞ்ஞாலிகளுக்கு நினைவிடம் உள்ளது. மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று குஞ்ஞாலியின் பெயரைத் தாங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல்தலையும் வெளியிட்டது. மரைக்காயர் என்ற பெயரோ காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் இன்றும் வழங்கும் நம் பெயர். அக்கரையிலிருந்து வந்தவர்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையே தெலுக் ஆயர் தெருவில் எழுப்பிய நாகூர் தர்கா, அன்று அலை தொடும் தூரத்தில் நின்றது.

கண்காட்சியின் நடுவே வைப்பதற்காக, கப்பல் பட்டறையில் தச்சராயிருந்து ஓய்வுபெற்ற எங்கள் உறுப்பினர் ஒருவர் இரண்டு மீட்டர் நீளப் போர்க்கல மாதிரியைச் செய்து வருகிறார். ஆணி அடிக்காமல், பலகை விளிம்புகளில் துளையிட்டு, நனைத்த தென்னங்கயிற்றைக் கோத்து, சிறு முளையால் இறுக்கித் தைக்கும் மேலைக்கரை முறையையே அவர் கையாள்கிறார். ஒரு சாண் தையலுக்கு ஒரு முழு மாலை கழிகிறது. இடப்பக்கம் முடிந்துவிட்டது, வலப்பக்கத்துக்கு மரம் வாங்கக் கையில் பணமில்லை.

எங்களுக்குத் தேவைப்படுவது 14,000 வெள்ளி. இதில் 5,000 வெள்ளி மரத்துக்கும் கயிற்றுக்கும், 6,500 வெள்ளி பன்னிரண்டு விளக்கப் பலகைகளை அச்சிடுவதற்கும், எஞ்சியது கண்ணாடிப் பேழைக்கும் போக்குவரத்துக்கும் செலவாகும். உழைப்புக்கு யாரும் ஊதியம் பெறுவதில்லை. பத்து வெள்ளியானாலும் மகிழ்ந்து ஏற்போம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. இந்நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்காது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். வீடு வீடாக வந்து வசூலிக்க யாரையும் அனுப்பமாட்டோம். இத்துடன் இணைத்துள்ள படிவத்தைக் காசோலையுடன் அனுப்பினால் போதும். வரவு செலவுக் கணக்கு, பணி முடிந்ததும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும்.

பணமாகத் தர இயலாதவர்கள், தங்கள் குடும்பத்தில் மரக்கலம் ஓட்டியவர் பற்றிய பழைய படமோ கடிதமோ இருப்பின் படியெடுக்கத் தந்து உதவலாம். மரக்கலத்தின் தையலைக் காண விரும்புவோர் சனிக்கிழமை மாலைகளில் பட்டறைக்கு வரலாம். வருமுன் ஒரு சொல் தெரிவித்தால் தேநீரோடு காத்திருப்போம்.

இங்ஙனம்,
கண்காட்சிக் குழுவினர்,
சிங்கப்பூர்