முதல் ஆல்பத்தில் பாட்டு வரி கேட்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சினிமாப் பாட்டை நம்பாமல் சொந்தப் பாட்டோடு மேடையேறும் தமிழ் ராக் குழுக்களுக்கு உங்கள் ஞாயிறு பதிப்பில் இடம் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். முதல் ஆல்பத்துக்காகக் காசு சேர்க்கும் பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள் என்பதால், ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் நாங்கள் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். இந்த ஆல்பங்களில் பெரும்பாலும் வாசிப்பில் குறை இல்லை. என்ன பாடுகிறார்கள் என்பதுதான் புரிவதில்லை. பழி, பதிவுகளை ஒன்றாகக் கலந்து மிக்ஸிங் செய்தவர் மேல் விழுகிறது. ஆனால் கோளாறு அதற்கு வெகு முன்பே, ஒத்திகை பார்க்கும் ஜாமிங் அறையில் தொடங்கிவிடுகிறது.

டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வைத்த கிட்டார் காதில் அறைவது ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்கும் அதே பகுதிதான் வேண்டும். இரண்டு கிட்டாரும் பாட்டு முழுக்க விடாமல் வாசித்தால் குரல் எங்கே போய் நிற்கும்? பாடும் இடத்தில் ஒரு கிட்டார் ஒதுங்கட்டும், அல்லது தந்தியை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கட்டும். பினாங்கில் உருவான அலிகேட்ஸ் குழுவைக் கேளுங்கள்: லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் பாடிய மலாய்ப் பாட்டுகளில் ஒரு சொல்லும் மறையாது.

மேடையில் வைக்கும் கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் அளவை) ஸ்டுடியோவுக்கும் கொண்டுவருவது அடுத்த தவறு. பதிவில் ஒரே பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைப்பது வழக்கம். இரண்டும் சேரும்போது டிஸ்டார்ஷன் தானாகவே தடிக்கும். எனவே ஒவ்வொன்றிலும் கெயினைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்து இரு பக்கமும் வைப்பவர்கள் உண்டு. அகலம் வராது. ஒலி நடுவிலேயே, குரல் இருக்கும் இடத்திலேயே, இன்னும் சத்தமாக உட்கார்ந்துகொள்ளும்.

மெட்டுக்கும் இதில் பங்கு உண்டு. குறிலை நீண்ட சுரத்தில் வைத்தால் ‘மலை’ ‘மாலை’ ஆகிவிடும். அதை எந்த மிக்ஸும் திருத்தாது. ஒத்திகையைக் கைப்பேசியில் பதிந்து, பாட்டை முன்பின் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து வரிகளை எழுதச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் மெட்டையோ சொல்லையோ மாற்றுங்கள். ஸ்டுடியோ வாடகை ஓடத் தொடங்கும் முன்பே செய்துவிடக்கூடிய வேலை இது, செலவும் கிடையாது.

டிரம்ஸ் பதிவில் சிம்பலை (உலோகத் தட்டை) ஓங்கி அடிக்கும் பழக்கம் பெரிய தொல்லை. அந்தச் சத்தம் ஸ்னேர் (தாளத்தின் அழுத்தம் விழும் சிறு டிரம்) மைக் உட்பட எல்லா மைக்கிலும் கசிந்து, குரலின் ச, ஸ ஒலிகள் மேல் படிந்துவிடும். பிறகு தனியாகக் குறைக்க வழியில்லை. சிம்பலை மெதுவாகவும் ஸ்னேரை அழுத்தமாகவும் அடிக்க, கிளிக்கோடு (தாள வேகத்தைக் காட்டும் டிக்-டிக் ஒலியோடு) சில வாரமாவது பழக வேண்டும். மேலே தொங்கும் இரண்டு மைக்குகளும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளவு நாடாவால் பாருங்கள்; வேறுபட்டால் அலைகள் ஒன்றையொன்று தின்று ஸ்னேர் சப்பென்று ஆகிவிடும். டிரம் தோலையும் கிட்டார் தந்தியையும் முதல் நாளே மாற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்திலிருந்து குளிரூட்டிய அறைக்குள் வந்ததும் கிட்டாரின் சுதி நகரும்; பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் விட்டபின் சுதி சேர்ப்பது நல்லது.

பட்ஜெட் தீர்ந்துபோய், கடைசி இரண்டு மணி நேரத்தில் எல்லாப் பாட்டையும் பாடி முடிப்பதைப் பல குழுக்கள் செய்கின்றன. களைத்த தொண்டையில் முதலில் கெடுவது உச்சரிப்பு. குரலுக்கென்று தனி நாட்களை முன்கூட்டியே ஒதுக்குங்கள். காசு போதாவிட்டால் பத்துப் பாட்டை ஆறாகக் குறையுங்கள். பாப் ஃபில்டர் (மைக் முன் வைக்கும் காற்றுத் தடுப்பு) வைத்து, மைக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி நின்று பாடினால் போதும். மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முந்திய கடைசிக் கட்டத்தில்) சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதும் வீண். ஸ்பாட்டிஃபை இயல்பாக -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன் செய்கிறது. கூடுதலாக ஏற்றியது இறக்கப்படும், நசுங்கிய குரல் நசுங்கியபடியே இருக்கும்.

வரிகளை எழுதியவருக்கு உரியதும் போய்ச் சேர வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் பாதுகாப்பு, படைத்தவரின் ஆயுளோடு மேலும் 50 ஆண்டு. ஒலிப்பதிவுக்கான உரிமை தனி. யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை வெளியீட்டுக்கு முன்பே தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று விட்ட குழுக்கள்தான் பின்னால் உடைகின்றன. எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமத்தொகையைத் திரட்டித் தரும் எம்ஏசிபி அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவுசெய்தால்தான் வானொலி ஒலிபரப்புக்கான உரிமத்தொகை கிடைக்கும். ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடும் தேவை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது படத்தை ஓர் அளவு சிறிதாக்கி, அந்த இடத்தில் ஒரு பாட்டின் வரிகளை முழுமையாக, குழுவின் அனுமதியோடு வெளியிடுங்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், ஒலிப்பதிவு செய்தவர் பெயர்களும் கீழே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கலைஞர்கள் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்