கல் எடுத்த கைகளுக்கும் நன்றி

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

தூத்துக்குடித் தீவுப் பக்கம் பவளத்துண்டு நடும் வேலை இந்தப் பருவத்துக்கு முடிந்தது. நிதி தந்தவர்களுக்கும் அனுமதி தந்த வனத்துறைக்கும் கூட்டத்திலேயே பொன்னாடை போர்த்தியாயிற்று. பொன்னாடை கிடைக்காதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், கடலுக்கடியில் பவளக்கல் வெட்டி எடுத்த பெரியவர்களுக்கு. சுண்ணாம்புச் சூளைக்கும் கார்பைடு ஆலைக்கும் வள்ளம் வள்ளமாகக் கல் போன காலத்தில் கடப்பாரையோடு இறங்கியவர்கள் நீங்கள். அலையை மறித்து நின்ற பார், அதாவது பவளத்திட்டு, போனபின் விலாங்குசல்லித் தீவே கடலுக்குள் முங்கியது. 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடும் காவல் உள்ள முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பழி முழுக்க உங்கள் தலையில் விழுந்தது. கூலிக்கு இறங்கியவரைக் கேட்ட ஊர், கல்லை வாங்கியவரைக் கேட்கவில்லை. அந்த வருத்தத்தையும் வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறி வந்தீர்கள். எங்கே பார் அடர்ந்து நின்றது, எங்கே அடித்தரை கெட்டி, எந்தக் காற்றில் மணல் வந்து மூடும் என்று கரை அடையாளம் பார்த்தே சொன்னீர்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விவரம் அது. சிமெண்ட் மேடைகளை நீங்கள் காட்டிய இடத்தில்தான் இறக்கினோம்.

அடுத்து சங்கு குளிக்கும் தம்பிமார். ஒடிந்து மணலில் கிடந்த மான்கொம்புப் பவளத் துண்டுகளைப் பொறுக்கி, சிமெண்ட் பலகையில் நைலான் இழையால் கட்டியது நீங்கள். கட்டு தளர்ந்தால் துண்டு ஆடும், ஆடினால் ஒட்டாது. கலங்கல் தண்ணீரில் கண் தெரியாமல் விரலால் தடவியே முடிச்சுப் போட்டீர்கள். அன்றைக்குச் சங்குக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் தந்த படிக்காசு அதற்கு ஈடே இல்லை.

இந்த முறையை 2002 முதல் இங்கே செய்து காட்டிவரும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வணக்கம்; நாங்கள் செய்தது அவர்கள் போட்ட பாதையில் நடந்ததுதான். வெயிலில் நின்று பலகை வார்த்த அக்காமாருக்கும், அந்தப் பக்கம் வலையும் நங்கூரமும் விழாமல் பார்த்துக்கொண்ட ஊர்க் கமிட்டிக்கும் நன்றி.

இனி வருவது சித்திரை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பவளம் வெளுத்து நலியத் தொடங்கும். 2010-லும் 2016-லும் பார்த்தோமே. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அதே வெக்கையில்தான் வருகிறது. படகு கட்டிக் கிடக்கும் நாளில் வந்து பவளத்தைப் பார்த்துத் தருகிறோம் என்று விசைப்படகு அண்ணன்மார் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போதே ஒரு நன்றி. (சொல்லிவிட்டீர்கள், இனி தப்ப முடியாது!)

கடைசியாக எல்லா வீட்டுக்கும் ஒன்று: தேய்ந்த பல் பிரஷ்ஷை எறியாதீர்கள், கொடுத்துவிடுங்கள். பலகையில் படரும் பாசியைத் தேய்க்க அதைவிடத் தோதான சாமான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நன்றியுடன்,
பவளம் நட்ட ஊர்ப்பிள்ளைகள்