பிர்ராரங் கரையில் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

மெல்பர்னின் கிழக்கே, யாரா ஆற்றை ஒட்டிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து எழுதும் மடல் இது. ஆற்றோரப் பூங்கா வெளிகளைப் பற்றிய பேச்சுகளில் எங்களுக்கும் இடம் தந்து, செடி நடவும் களை பிடுங்கவும் கூட்டிப்போனவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்ல வேண்டும் என்று வெகுநாளாகவே ஆசை.

முதல் நன்றி இந்த மண்ணின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மூத்தவர்களுக்கு. அவர்களுக்கு இந்த ஆறு பிர்ராரங். ஹீல்ஸ்வில் அருகே 1863-இல் அவர்களுடைய முன்னோர் குடியேறி, உழைத்துப் பண்படுத்திய கோரண்டெர்க் என்ற பூர்வகுடிக் குடியிருப்பை அரசு 1924-இல் மூடிவிட்டது. அந்த நிலத்தைக் காப்பாற்றுவதற்காக மெல்பர்ன்வரை நடந்தே வந்து முறையிட்டவர் வில்லியம் பராக். அவருடைய சகோதரி ஆனி போரேட்டின் வழிவந்தவர்களே இன்றைய வுருண்ட்ஜெரி மக்கள். இத்தனையும் பட்ட குடும்பங்கள், நேற்று வந்த எங்கள் கையில் மன்னா என்ற யூகலிப்டஸ் மரத்து இலையைத் தந்து வரவேற்கிறார்கள். அதற்கு என்ன கைமாறு செய்வோம்?

2017-இல் யாரா ஆற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வுருண்ட்ஜெரி மக்களின் வொய்வுரங் மொழியிலும் தலைப்புக் கொண்ட முதல் விக்டோரிய மாநிலச் சட்டம் அதுதான். அந்த மசோதாவுக்காக மூத்தவர்கள் நாடாளுமன்ற அவைக்குள் நின்று தங்கள் மொழியிலேயே பேசினார்கள். ஆறும் அதன் கரை நிலங்களும் சேர்ந்து உயிருள்ள ஒரே இயற்கை என்று சட்டம் சொல்கிறது. ஆற்றின் சார்பில் பேச பிர்ராரங் மன்றமும் அமைந்தது. 2022-இல் வெளியான யாரா திட்டம் ஆற்றின் 242 கிலோமீட்டரையும், கரையிலுள்ள 8 நகராட்சிகளையும் ஒரே வரைவுக்குள் கொண்டுவந்தது. ஆற்றுக்கு நல்லதே எல்லோருக்கும் நல்லது என்பதுதான் அந்தத் திட்டத்தின் பெயரே. இதற்காக உழைத்த மெல்பர்ன் வாட்டர் என்ற நீர்வள நிறுவனத்தின் அலுவலர்களுக்கும் நகராட்சித் திட்டமிடுநர்களுக்கும் நன்றி.

எங்கள் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்ட இடம் புலீனில் இருக்கும் போலின் போலின் மடு. ஆறு பழைய வளைவைக் கைவிட்டுத் திசைமாறியபோது தங்கிப்போன நீர்நிலை அது. விலாங்கு மீன் பருவத்தில் பல பூர்வகுடிக் குழுக்கள் இங்கே கூடி, பிடித்து உண்டு, உறவாடி, விவகாரங்களையும் பேசித் தீர்த்துக்கொண்ட இடம். மேலே அணைகள் வந்து, நகரத்துக்குக் குடிநீர் எடுக்கத் தொடங்கியபின், கரை தாண்டும் வெள்ளம் அரிதாகிவிட்டது. வெள்ளம் எட்டாத மடு வறண்டுதானே போகும்? இப்போது வுருண்ட்ஜெரி மக்களோடு கலந்து பேசி, பம்பு வைத்து ஆற்றுநீரை உள்ளே விடுகிறார்கள்.

பூங்கா என்றதும் எங்களில் பலருக்கு அகலமான நடைபாதை, விளக்கு, பார்பிக்யூ மேடை என்றுதான் கண்முன் வந்தது. குழந்தை குட்டிகளோடு வருபவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? மூத்தவர்களோ தண்ணீரிலிருந்து பேச்சைத் தொடங்கினார்கள். மடுவுக்கு எப்போது நீர் வர வேண்டும், எந்தக் கரையை மனிதர் மிதிக்காமல் விட வேண்டும், இரவில் எது இருட்டாகவே இருக்க வேண்டும் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் பாதை எங்கே போகும் என்ற கேள்வி. வரிசை மாறியதும் வரைபடமே வேறாகிவிட்டது. ஊர்களில் எத்தனையோ குளத்துக்கரைகள் சிமென்ட் தளமாகிப் போனதைப் பார்த்து வந்தவர்கள் நாங்கள். முழுத் திட்டமும் வரைந்த பிறகு ஒப்புக்குக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதற்கும், முதல் கோட்டையே அந்த மண்ணின் மக்களோடு உட்கார்ந்து போடுவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இங்கேதான் கண்டோம்.

களப்பணி கற்றுத் தந்த நாரப் குழுவினருக்குத் தனியாக நன்றி. வுருண்ட்ஜெரி அமைப்பின் நிலப் பராமரிப்புக் குழு அது. மரபு முறையில் அளவாகத் தீயிட்டு நிலத்தைச் சீர்செய்வதும் அவர்கள் வேலைதான். ஆற்றங்கரையை மூடிக் கிடக்கும் டிராட் என்ற களைக்கொடியை எப்படி எடுப்பது என்று எங்களுக்குக் காட்டித் தந்தார்கள். வேகமாகப் பிடுங்கினால் தண்டு ஒடியும். ஒடிந்த கணு ஒவ்வொன்றும் மண்ணில் பட்டதுமே வேர்விடும். அதனால் ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோல் மெல்லச் சுருட்டிக்கொண்டே போய், அடியில் உதிர்ந்த துண்டுகளை விரலால் பொறுக்க வேண்டும். மணிக்கணக்காகக் குனிந்து பொறுக்கினாலும் சுத்தமாவது ஒரு சின்னத் திட்டு. ஆனாலும் அந்தத் திட்டில் லொமாண்ட்ரா புல் வேர்பிடித்து நிற்பதைப் பார்த்தால் இடுப்பு வலி பெரிதாகத் தெரிவதில்லை.

கூட்டங்களில் எங்கள் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளே, நீங்கள் இல்லாவிட்டால் அப்பாக்களும் அம்மம்மாக்களும் வாய் திறந்திருக்கவே மாட்டார்கள். நன்றி கண்ணுகளா. சனிக்கிழமை காலைகளில் பிளாஸ்க்கில் தேநீரும் வாளி நிறையச் சுண்டலும் கொண்டுவந்த அக்காமாருக்கும், மண்வெட்டி இரவல் தந்த அயலவர்களுக்கும் நன்றி. சைக்கிள் பாதை கரையைவிட்டு விலகிப்போவதை ஏற்காமல், கடைசிவரை மறுத்துப் பேசினாலும் நடவு நாட்களில் தவறாமல் வந்து நின்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் கேள்விகளால்தான் எங்களுக்கே பல விஷயங்கள் தெளிவாயின.

நட்ட ரிவர் ரெட் கம் (ஆற்றங்கரை யூகலிப்டஸ்) மரக்கன்றுகள் இன்னும் முழங்கால் உயரம்தான். கோடை தாண்டும்வரை அவற்றுக்குத் தண்ணீர் தேவை. வர முடிந்தவர்கள் எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள். நாயோடு நடப்பவர்கள் அந்தப் பக்கம் மட்டும் கயிற்றைக் கழற்றாதீர்கள்.

நன்றியுடன்,
யாரா கரையோரத் தமிழ்க் குடும்பங்கள் சிலர்