படத்தைப் பற்றி நீ கேட்டது

கண்ணம்மா,

மெசேஜ் போட்டால் நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் இப்படி நீளமாக எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்டு உன்னைக் கடுப்பேற்றப் போவதில்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து அவ்வப்போது தூரத்தில் எதையாவது பார், அது போதும்.

போன தடவை பேசும்போது கடைசியில் ஒன்று கேட்டாயே, "ஒரு படத்தைச் சுத்தம் பண்றதுக்கும் மாத்துறதுக்கும் நடுவுல கோடு எங்கம்மா இருக்கு?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். அப்புறம் போனே இல்லை. இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், அவ்வளவுதான். நான் பிழைப்பாகவே வைத்திருக்கிற கேள்வி அது.

இப்போது வகுப்பில் செம்பருத்தி நடக்கிறது. தாவரவியல் பிள்ளைகள், பாதிப் பேருக்கு "எங்களுக்கு எதுக்கு டிராயிங்" என்கிற முகம். பூவை நெடுக்காக அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, டிவைடரால் அளந்து, முதலில் பென்சிலில், பிறகு மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக நிழல். ஒரு பெண்ணுக்கு நல்ல கை, புள்ளி வைப்பதில் அவசரமே கிடையாது. அவள் படத்தில், பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் சூலகமுடி ஐந்தும் சுற்றி அழகாக நிற்கின்றன. எதிரில் இருக்கிற பூவிலோ நாலுதான், ஒன்று அறுக்கும்போதே ஒடிந்து தட்டில் கிடக்கிறது. எண்ணிப் பார் என்றேன். "செம்பருத்திக்கு அஞ்சுதானே மேடம்?" என்றாள். அஞ்சுதான், யார் இல்லையென்றது? ஆனால் அவள் பார்த்து வரையவில்லை, தெரிந்ததை வரைந்திருக்கிறாள். அழிக்கச் சொல்லவில்லை நான். இன்னொரு பூவைப் பார்த்து அந்த ஐந்தாவதைச் சரிபார், கீழே "இரண்டு பூக்களைப் பார்த்து வரைந்தது" என்று எழுது என்றேன். எழுதினாள், கொஞ்சம் முறைப்போடு. நீயும் அந்த வயதில் அப்படித்தான் முறைப்பாய்.

கையால் வரைகிற படத்தில் விடுவதும் சேர்ப்பதும் இல்லாமல் முடியாது. பூச்சி கடித்த இலையை விட்டு நல்ல இலையை வரைகிறோம், பின்னால் மறைந்திருக்கும் காம்பை முன்னால் கொண்டுவருகிறோம். பார்க்கிறவனுக்கும் அது தெரியும், ஏனென்றால் அது வரைந்த படம் என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஸ்பெயின் விஞ்ஞானி கஹால் வரைந்த நரம்பு செல்களில் பலவும் அப்படித்தான், திசுவின் பல மெல்லிய சீவல்களில் பார்த்ததை ஒரே படத்தில் சேர்த்தவை. இத்தாலிக்காரர் கோல்ஜி கண்டுபிடித்த, நரம்பு செல்லைக் கறுப்பாக்கிக் காட்டும் அதே சாயத்தைத்தான் அவரும் பயன்படுத்தினார். கோல்ஜி ஒரு தொடர்ந்த வலையைப் பார்த்தார், இவர் தனித்தனிச் செல்களைப் பார்த்தார். 1906இல் இரண்டு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள், அந்த மேடையிலும் கோல்ஜி ஒத்துக்கொள்ளவில்லை. 1950களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்து செல்களுக்கு நடுவே இடைவெளியைக் காட்டியது. கஹாலுக்கு ஓவியராக ஆசை, அவர் அப்பாதான் மருத்துவத்துக்குத் தள்ளினார், தெரியும்தானே? உன்னை நான் எதற்கும் தள்ளவில்லை. லேபுக்குப் போவேன் என்று நீயாகத்தான் போனாய். அதில் எனக்கு இருக்கிற பெருமையை நான் நேரில் சொன்னதில்லை, வெளியாட்களிடம் மட்டும் அளக்கிறேன் என்று தம்பி கிண்டல் செய்கிறான்.

ஃபோட்டோ அப்படி இல்லை. "இப்படித்தான் இருந்தது" என்று அது சத்தியம் செய்கிறது. அதில் ஒரு மூலையைத் துடைத்தால் அந்தச் சத்தியம் போச்சு. ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பட வகுப்பு எடுக்கும்போது நான் சொல்வது இதுதான்: வெளிச்சத்தைக் கூட்டுகிறாயா, முழுப் படத்துக்கும் ஒரே மாதிரி கூட்டு. ஜெல் படத்தில், அதாவது புரதத்தையோ டி.என்.ஏ.வையோ பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் கூழ்த்தகட்டின் படத்தில், வேண்டாத ஒரு பட்டையை மட்டும், ஒரு அழுக்கை மட்டும் பிரஷ் வைத்துத் துடைக்காதே. இரண்டு ஜெல்லிலிருந்து பட்டைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்துக் காட்டு. செய்ததைப் படத்தின் கீழே எழுது. அசல் கோப்பை அழிக்காதே.

உன் அறைச் சுவரில் இன்னும் தொங்குகிறதே அந்த ஜெல்லிமீன், அதை வரைந்த ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் எவ்வளவு பெரிய கை! அந்த மனிதர் 1868இல் எழுதிய புத்தகத்தில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருவும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி இருக்கும் என்று காட்ட மூன்று படம் போட்டார். மூன்றும் ஒரே அச்சுக்கட்டை! பாசல் ஊர்ப் பேராசிரியர் ரூட்டிமையர் பிடித்துவிட்டார். அடுத்த பதிப்பில் ஒரே படமாக மாற்றினார், ஆனாலும் அந்தப் பேச்சு இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகாக வரைந்ததற்காக யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒன்றை மூன்றென்று காட்டியதற்காகத்தான் கேட்டார்கள்.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். இல்லை, தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். 2016இல் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் அவரோடு இருந்தவர்களும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்து, நூற்றில் ஏறக்குறைய நாலில் சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாம் ஏமாற்று என்று அவர்களும் சொல்லவில்லை, கவனக்குறைவும் அதில் உண்டு. கண் பழகினவர்களுக்கு ஒரே பட்டை இரண்டு இடத்தில் வந்தால் உறுத்தும். எனக்கும் உறுத்தும், அதனால்தான் நீ எதையாவது அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன். முன்பெல்லாம் எல்லாவற்றையும் அனுப்புவாய். "அம்மா, இந்தப் பச்சை சரியா, இந்த அம்புக்குறி பெரிசா" என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த பிள்ளை நீ.

யாராவது உன்னை ஏதாவது செய்யச் சொன்னார்களா? சொல்லியிருந்தால், பெரியவர்கள் சொல்லும்போது இல்லையென்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீயே ஏதாவது செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாயா என்றால், அதையும் சொல்லலாம். கட்டுரை வெளியே போகவில்லையென்றால் அசலைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். போய்விட்டிருந்தாலும் திருத்தம் போட வழி இருக்கிறது, முதலில் நாமே போய்ச் சொன்னால் பார்க்கிற பார்வையே வேறு. ஆறு மாதம் வீணாகட்டும், பட்டம் தள்ளிப் போகட்டும், பெரியப்பா விஷயத்தில் நடந்த மாதிரி வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் உருகுவது மட்டும் வேண்டாம். ஒன்றுமே இல்லை, அம்மா சும்மா கற்பனை செய்கிறாள் என்றால் இன்னும் நல்லது, ஒரு சிரிக்கிற பொம்மையாவது அனுப்பு. ஒரு வார்த்தைகூட எழுத முடியாத அளவுக்கு என்ன வேலை?

அசல் கோப்பு இரண்டு இடத்தில் இருக்கட்டும். லேப் கணினியில் ஒன்று, உன்னிடம் ஒன்று. தேதி போட்டு வை. லேப் நோட்டிலும் அன்றன்றைக்கே எழுது.

இந்த ஞாயிறு எனக்கு வகுப்பு கிடையாது, எந்த நேரம் வேண்டுமானாலும் கூப்பிடு, உன் ஊரில் நடு ராத்திரியாக இருந்தாலும் சரி. இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்லவில்லை. நீ வாரா வாரம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ கூப்பிடும்போது அவர் எடுத்தால் அதற்குத் தகுந்த மாதிரி பேசிக்கொள்.

அம்மா