வெளிமாநில வக்கீலுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்

ஆசிரியருக்கு,

திருப்பூரிலிருந்து டெல்லி காந்தி நகருக்கும் கான்பூருக்கும் சரக்கு போவதும், பணம் வராமல் இழுப்பதும் இங்கே எல்லோருக்கும் பழகிய கதைதான். நூல் வாங்குவதென்றால் கோனைப் பிரித்துப் பார்த்து, மில்லின் ஜிஎஸ்டி எண்ணைத் தேடி, நாலு பேரிடம் விசாரித்த பிறகே ஆர்டர் போடும் முதலாளிகள், அந்தப் பாக்கியை வசூலிக்க அங்கே ஒரு வக்கீல் நிறுவனத்தைப் பிடிக்கும்போது மட்டும் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை நம்பி அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறார்கள்.

முதலில், அங்கே வக்கீல் வேண்டுமா என்றே பார்க்க வேண்டும். நம் கணக்கில் போட்ட செக் திரும்பினால், செக் வழக்குச் சட்டத்தில் வந்த 2015 திருத்தத்துக்குப் பிறகு நம் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) வைத்திருந்த சிறு உற்பத்தியாளர் என்றால், வாங்கியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சிறு தொழில்களின் பாக்கித் தகராறுகளைப் பார்க்கும் நம் மாநில வசதியாக்க மன்றத்திலேயே முறையிடலாம்.

இதெல்லாம் தாண்டியும் தேவை என்றால் சரி. ஆனால் கொட்டேஷனை நன்றாகப் படியுங்கள். எங்களுக்கு வந்த ஒன்றில் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ‘பிரைவேட் லிமிடெட்’, பில் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கடைசி வரியில் வசூலாகும் பணத்தில் பங்கு. மூன்றுமே இடிக்கிறது. வக்கீல்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நின்று கோர்ட்டில் ஆஜராக முடியாது, வக்கீல் பில்லுக்கான ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாம்தான் நேராக அரசுக்குக் கட்டுகிறோம், வசூலில் பங்கு பேசுவதற்கோ பார் கவுன்சில் விதியே தடை போடுகிறது. ஆக அது வசூல் ஏஜென்சி, கறுப்புக் கோட்டு மட்டும் மாட்டியிருக்கிறது!

பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதையோ வக்கீலின் பெயரையோ கோர்ட் வழக்கு விவரங்கள் கிடைக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் அந்த மாவட்டத்தில் அவர் நடத்தும் வழக்குகள் வரும், எத்தனை வாய்தாவிலேயே கிடக்கின்றன என்பதும் தெரியும், எதிர்பார்ட்டிக்கே அவர் ஆஜராகியிருந்தால் அதுவும் அகப்படும். கான்பூர் வழக்கு மேலே போனால் அலகாபாத் உயர் நீதிமன்றம். அங்கே வெளிமாநிலப் பதிவு உள்ளவர் உள்ளூர் வக்கீல் ஒருவரோடு சேர்ந்துதான் வக்காலத்து போட முடியும், அந்த விதி செல்லும் என்று 2016இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அப்புறம் அந்த இரண்டாவது ஃபீஸ் யார் தலையில் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. வக்கீல் சேவையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. பார் கவுன்சிலில் புகார் தரலாம், இங்கிருந்து டெல்லிக்கு அலைவது யார்? ஃபீஸ் பாக்கிக்காக வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000இலேயே தீர்ப்பு உண்டு, அதற்காக ஒரிஜினல் செக்கை உடனே கூரியரில் போட்டுவிடாதீர்கள், முதலில் நகல் போதும்.

ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக இதைத் தேடுவதை விட, இங்குள்ள தொழில் சங்கங்கள் பதிவு எண் சரிபார்ப்பையாவது உறுப்பினர்களுக்குச் செய்து கொடுக்கலாம்.

பனியன் கம்பெனி கணக்காளர்,
திருப்பூர்.