பவரா, எனேபிளா?

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இதற்குள் நாலு முறையாவது திட்டியிருப்பாய். மாடியில் ஒழுகியதை அடைத்தது, அம்மாவின் கண் அறுவை சிகிச்சை என்று பாதி நாள் போயிற்று. மீதி நாள், லினக்ஸ் கர்னலுக்காக, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்காக, நான் எழுதும், நீ கேலி செய்த அந்த ஸ்டோரேஜ் மாட்யூலோடு போயிற்று. அம்மா இப்போது கண்ணாடி இல்லாமல் காலண்டர் பார்க்கிறார். மாட்யூல்தான் இன்னும் தேறவில்லை.

"ஒரு ஐஓசிடிஎல் போட்டு ஸ்ட்ரக்டை உள்ளே தள்ளினால் தீர்ந்தது, எதற்கு இவ்வளவு சுற்று?" என்று கேட்டிருந்தாய். அமைப்பு விவரங்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே அழைப்பில் கர்னலிடம் நேரே கொடுத்துவிடு என்கிறாய். டிஸ்க்குகளின் மேல் புது டிஸ்க்குகளை அமைக்கும் டிவைஸ் மேப்பர் அப்படித்தான் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைத் தொட டிஎம்செட்அப் மாதிரி ஒரு கருவி வேண்டும். அதையும் நானேதான் எழுதிக் காப்பாற்ற வேண்டும். கட்டளை வரியான ஷெல் தெரிந்த யாரும், கோப்பில் மதிப்பை எழுத உதவும் எக்கோ மட்டும் வைத்து ஒரு டிஸ்க் உருவாக்க முடிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் மாட்யூல் பாராமீட்டர் (மாட்யூலை ஏற்றும்போது கொடுக்கும் மதிப்பு) வைத்தேன். இரண்டு டிஸ்க்குக்கு இரண்டு அளவு கேட்டதுமே அது படுத்துவிட்டது. அடுத்து, கர்னலின் பொருள்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ். அங்கே கர்னல் பெற்ற பிள்ளையைத்தான் நாம் பார்க்கலாம். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ஏதாவது தந்திரம் செய்ய வேண்டும். நினைவகத்தில் சுருக்கி வைக்கும் டிஸ்க்கான இசட்ரேமில் ஹாட்_ஆட் என்று ஒரு கோப்பு உண்டு, தெரியுமா? அதைப் படித்தாலே ஒரு புது டிவைஸ் உருவாகி, அதன் எண் கைக்கு வரும். எழுதினால் அல்ல, படித்தால்! முழு அதிகாரமுள்ள ரூட்டாக இருந்துகொண்டு அந்தப் பக்கம் யாராவது, கோப்புகளைப் படித்துத் தேடும் க்ரெப் ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், கர்னல் பொருள்களைப் பயனரே உருவாக்க விடும் கான்ஃபிக்எஃப்எஸ்ஸிடம் வந்து சேர்ந்தேன். ஆரக்கிளில் இருந்த ஜோயல் பெக்கர் எழுதியது, 2006இல் 2.6.16 கர்னலோடு வந்தது. எம்கேடிர் செய்து டைரக்டரி உருவாக்கினால் பொருள் பிறக்கிறது, ஆர்எம்டிர் செய்து அதை அழித்தால் போகிறது, ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு. டிஸ்க்குகளை நெட்வொர்க்கில் பகிரும் என்விஎம்இ டார்கெட்டில் சப்சிஸ்டத்தை (பகிரும் டிஸ்க்குகளின் தொகுதி) போர்ட்டோடு (அதை அணுகும் முகவரி) சேர்ப்பதுகூட ஒரு சிம்லிங்க்தான், அதாவது இன்னொன்றைச் சுட்டும் இணைப்பு. அந்த லிங்க் இருக்கும்வரை சப்சிஸ்டத்தின் டைரக்டரியை அழிக்க விடாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அப்புறம் அடி வாங்கிய கதை. டைரக்டரியை அழிக்கும்போது மாட்யூலில் அழைக்கப்படும் டிராப்_ஐட்டம் ஃபங்ஷனுக்கு ரிட்டர்ன் மதிப்பு கிடையாது. உள்ளே குழந்தைகளோ லிங்க்கோ இல்லாத டைரக்டரியை அழி என்று பயனர் சொன்னால், "இப்போது முடியாது" என்று மாட்யூல் அங்கே சொல்ல வழியில்லை. நான் அதைக் கவனிக்காமல், டிராப் வந்ததும் நினைவகத்தை விடுவித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஐஓ, அதாவது படிக்கும் எழுதும் வேலை, பாதியில் நின்றிருக்கிறது. மெஷின் அப்படியே விழுந்தது. டிராப்பில் பிடியை மட்டும், அதாவது பயன்படுத்துவோர் கணக்கில் நம் பங்கை மட்டும், விட வேண்டும். விடுவிப்பதெல்லாம் கடைசிப் பிடியும் போன பிறகு ரிலீஸ் ஃபங்ஷனில்தான். நம் அறையில் கூட்டாக வாங்கிய மின்விசிறி ஞாபகம் வருகிறதா? ஒருவன் காலி செய்தானென்று கழற்றிக்கொண்டா போனோம்?

இன்னொரு தலைவலி, பாதி அமைத்த டிஸ்க். அளவு எழுதியாயிற்று, பிளாக் சைஸ் எழுதவில்லை. அந்த இடைவெளியில் டிஸ்க் வெளியே தெரியலாமா? சோதனைக்கான போலி டிஸ்க் மாட்யூலான நல்_பிளாக் இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. பவர் என்ற கோப்பில் 1 எழுதும்வரை எதுவும் உயிர் பெறாது. எழுதிய பிறகு அளவை மாற்றப் போனால் "பிஸி" என்று பிழை வரும். கான்ஃபிக்எஃப்எஸ் ஆவணத்திலேயே இதற்குப் பொதுவான ஏற்பாடு ஒன்றை விவரித்திருந்தார்கள்: பெண்டிங் டைரக்டரியில் எல்லாம் அமைத்து, லைவ் டைரக்டரிக்கு ரீநேம் செய்தால் உயிர் வரும். அதே இடத்தில், இது இன்னும் எழுதப்படவில்லை என்றும் ஒரு குறிப்பு இருந்தது! அதனால்தான் ஒவ்வொரு மாட்யூலும் தனக்கென்று ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்கிறது.

என் சுவிட்சுக்குப் பெயர் வைப்பதில்தான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன். நல்_பிளாக் 'பவர்' என்கிறது, என்விஎம்இ டார்கெட் 'எனேபிள்' என்கிறது. பெயர் வெளியே போய் ஒருவன் அதை ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை பேட்ச் அனுப்பலாம் என்றிருக்கிறேன். அதற்குள் உன் ஓட்டு எதற்கு என்று ஒரு வரி எழுது.

உன் பழைய அறைத் தோழன்